முன்பாரமும் பின்பாரமும்

பாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் அதன் அளவையே நாம் எண்ணிப் பார்க்கிறோம். அது எவ்விடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எத்தனை பேர் என்று கேட்பது நம் வழக்கம். அந்த மூட்டை வண்டியின் முன்புறத்தில் உள்ளதா, பின்புறத்தில் உள்ளதா, மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்று கேட்பதில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்கு ஏறும் சாலையை அன்றாடம் கண்ணெதிரே காணும் நாம் இவ்வினாவைக் கேட்கத் தவறுவது தகாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்து என் உள்ளத்தில் எழக் காரணமாக இருந்தவர் நம் மாணவர் ஒருவர். விடுமுறை நாளொன்றில் விடுதிப் பக்கம் சென்றபோது, அவர் கணினியில் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றில் மூழ்கியிருந்தார். படிக்கும் காலத்தில் விளையாட்டா என்று கடிந்துகொள்ளவே வாயெடுத்தேன். ஆனால் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. திரையில் ஏதோ எண்களை மாற்றிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர் என்று கேட்டேன்.

“ஐயா, வண்டியின் முன்பக்கம் கனமாக இருந்தது. வளைவில் திரும்பாமல் நேராகவே ஓடியது. கனத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன், இப்போது திரும்புகிறது. இன்னும் தள்ளினால் பின்பக்கம் வீசி வண்டி சுழன்றுவிடும்” என்றார்.

கடிந்துகொள்ள வந்தவன் வியந்து நின்றேன். மாணவர் கூறியது எனக்குப் புதிய செய்தியன்று. என் இளமையில் மாட்டுவண்டிக்காரர்கள் நாள்தோறும் சொல்லக் கேட்ட செய்தியே அது. அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் முன்பாரம், பின்பாரம் என்பதாகும்.

வண்டியோட்டியின் கல்வி

இரட்டை மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரங்கள். இரண்டும் ஒரே அச்சில் சுழல்வன. ஆகவே அச்சுக்கு முன்னே உள்ள பாரமும் பின்னே உள்ள பாரமும் தராசுத் தட்டுகளைப் போல எதிரெதிரே நிற்கின்றன. முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரத்தால் மாடு களைத்துப்போகும். பின்பாரத்தால் மூச்சு முட்டும். இரண்டுமே வாயில்லா உயிருக்குச் செய்யும் கொடுமையன்றோ!

ஆதலால் வண்டியோட்டி மூட்டைகளை ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மிக எளிதில் எழும்பினால் ஒரு மூட்டையை முன்னுக்கு நகர்த்தச் சொல்வார். தூக்க இயலாமல் கனத்தால் பின்னுக்குத் தள்ளச் சொல்வார். மேடு வந்தால் தாம் முகப்பில் நகர்ந்து அமர்வார். பள்ளம் வந்தால் கீழே இறங்கி நடப்பார். குதிரை வண்டியில் ஏறியவர்களிடம், “முன்னே தள்ளி உட்காருங்கள்” என்று வண்டிக்காரர் சொன்னதை நம் பெரியவர்கள் பலர் நினைவுகூரக்கூடும். அது இடத்தை மிச்சப்படுத்தச் சொன்ன சொல்லன்று. குதிரையைக் காக்கச் சொன்ன சொல்.

மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தினார். அஃது அளவைப் பற்றிய அறிவு. நம் வண்டியோட்டிகள் அதனோடு இடத்தைப் பற்றிய அறிவையும் சேர்த்து வைத்திருந்தனர். எவ்வளவு ஏற்றுவது என்பது ஒன்று. எங்கே ஏற்றுவது என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் கற்று இரண்டாவதை மறந்தவன் பாதியே கற்றவனாவான்.

வத்தலக்குண்டு இவ்வறிவுக்கு உரிய ஊர். பி.ஆர். ராஜம் ஐயர் 1872-இலும், சுப்பிரமணிய சிவா 1884-இலும் பிறந்த ஊர், சி.சு. செல்லப்பாவுக்கும் உரிய ஊர் என்று இலக்கியத்தாலும் விடுதலை வரலாற்றாலும் இதனைப் போற்றுகிறோம். ‘எழுத்து’ இதழை நடத்திய செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் என்பது தமிழ் மாணவர் அறிந்த செய்தி. ஆனால் இவ்வூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது சமவெளியின் பாரம் மலைப்பாரமாக மாறிய வரலாறு. 1875-இல் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், மலைக்குச் செல்வோர் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் இவ்வழியாக அடிவாரம் சேர்ந்தனர். அங்கிருந்து நடந்தும், குதிரையேறியும், ஆட்கள் சுமக்கும் நாற்காலியில் அமர்ந்தும் மலையேறினர். 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் லாஸ் காட் சாலை எனப்படும் மலைச்சாலை அமைந்த பிறகே மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின. தோளும் மாடும் சுமந்த பாரத்தை அன்றுமுதல் இயந்திரம் சுமக்கிறது. மாட்டுக்கு வலித்தால் அது நின்றுவிடும், இயந்திரத்துக்கு வலிப்பதில்லை. எனவே பாரம் தவறான இடத்தில் இருக்கிறது என்று நமக்கு எடுத்துரைக்க இப்போது எவருமில்லை.

நான்கு சக்கரங்களின் கணக்கு

நான்கு சக்கர வண்டியில் இவ்வறிவு எவ்வாறு செயற்படுகிறது என்பதை எளிய கணக்கால் காண்போம். கணக்கைக் கண்டு தமிழ் மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை. இதற்குக் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஒரு காரின் எடை 1000 கிலோ என்றும், அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் தொலைவு என்றும், எடை இரண்டு அச்சுகளிலும் 500 கிலோ வீதம் சமமாகத் தங்கியுள்ளது என்றும் கொள்வோம். இக்கார் சமதளத்தில் ஓடும்போது, ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 18 கிலோமீட்டர் வீதம் வேகம் குறையுமாறு பிரேக்கை அழுத்துகிறோம். அந்நொடியில் பின் சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 100 கிலோ எடை முன் சக்கரங்களுக்குப் பெயர்கிறது. முன்னே 600, பின்னே 400 என்றாகிறது. வண்டியில் எந்தப் பொருளும் நகரவில்லை. ஆயினும் சக்கரங்கள் சுமக்கும் பங்கு மாறிவிட்டது.

இப்போது 100 கிலோ சாமான்களைக் கூரைமேல், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் கட்டுவோம். மொத்த எடை 1100 கிலோ ஆகிறது. புவியீர்ப்பு மையமோ அரை மீட்டரிலிருந்து 0.6 மீட்டருக்கு உயர்ந்துவிடுகிறது. அதே பிரேக்கை அழுத்தினால் முன்னுக்குப் பெயரும் எடை இப்போது 132 கிலோ. வண்டியின் எடை பத்தில் ஒரு பங்கே கூடிற்று. இடம்பெயரும் எடையோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதே 100 கிலோவைக் கூரையில் கட்டாமல் வண்டிக்குள், புவியீர்ப்பு மையத்தின் உயரத்திலேயே வைத்திருந்தால் பெயரும் எடை 110 கிலோவாகவே இருந்திருக்கும். சாமான் ஒன்றே, எடையும் ஒன்றே. இடம் வேறானதால் விளைவும் வேறாயிற்று.

வளைவில் திரும்பும்போது இக்கணக்கு பக்கவாட்டில் நிகழ்கிறது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் எனின், கவிழாமல் தாங்கும் ஆற்றல் அவ்வகலத்தின் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பதாகும். 0.7-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.4, 0.6-ஆல் வகுத்தால் 1.17. கூரைமேல் கட்டிய ஒரு மூட்டை, கவிழாமல் நிற்கும் வலிமையில் ஆறில் ஒரு பங்கைப் பறித்துவிட்டது. காரைக் காட்டிலும் உயரமான வேனுக்கும் பேருந்துக்கும் இவ்வலிமை தொடக்கத்திலேயே குறைவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி முன்பாரம், பின்பாரம் பற்றிய செய்தி. டயர் தரையைப் பற்றும் பிடி, அதன்மேல் உள்ள எடை கூடக் கூடக் கூடுகிறது. ஆனால் எடை கூடும் அதே வீதத்தில் அது கூடுவதில்லை. இரு மடங்கு எடையைச் சுமக்கும் டயருக்கு இரு மடங்கு பிடி கிடைப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கிடைக்கிறது. ஆகவே ஒரே வகை டயர்களைப் பூட்டிய வண்டி வளைவில் திரும்பும்போது, எந்த முனை மிகுந்த எடையைச் சுமக்கிறதோ அந்த முனையே பெரும்பாலும் முதலில் வழுகத் தொடங்கும். முன்பாரம் மிகுந்த கார், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கி ஓடும். பின்பாரம் மிகுந்த காரின் வால் வெளியே வீசும்; மிகையானால் முழுவண்டியும் சுழலும். விடுதி மாணவர் திரையில் கண்டது இவ்வுண்மையையே.

பந்தயக் களத்தில்

மாணவர் விளையாட்டாகக் கற்றதைப் பந்தய உலகம் உயிர்நாடியாகப் போற்றுகிறது. ஜப்பானில் 1997-இல் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ’ என்னும் விளையாட்டு, உண்மைக் கார்களின் இயல்பைத் திரையில் காட்ட முயன்றவற்றுள் பெரும்புகழ் பெற்றது. 2022-இல் வந்த அதன் ஏழாம் படைப்பில், காரில் கூடுதல் எடைக்கட்டியைச் சேர்க்கவும், அக்கட்டியை முன்னோ பின்னோ நகர்த்தவும் வழியுண்டு. வண்டியோட்டி மூட்டையை நகர்த்திய செயலே இது என்று சொன்னால் மிகையாகாது.

உண்மைப் பந்தயத்தில் அவ்வளவு எளிதாக நகர்த்திவிட முடியாது. சோழவரம் பழைய விமானத்தளத்தில் பந்தயம் வளர்த்த தமிழகம், பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்களைக் கண்டது. கோவையின் கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஓரிருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். அவ்வகை வண்டியில் பந்தயம் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார்.

அவர் மீண்டும் ஃபார்முலா 1-இல் ஓட்டிய ஆண்டு 2011. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது அவரும் ஓட்டினார். டயர் வழங்கும் நிறுவனம் மாறிய அவ்வாண்டில் ஒரு விதி புகுத்தப்பட்டது. ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் குறைந்த அளவு எடை 640 கிலோ. அதில் முன் சக்கரங்கள் 291 கிலோவுக்கும், பின் சக்கரங்கள் 342 கிலோவுக்கும் குறையாமல் தகுதிச் சுற்றில் சுமக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 633. அந்தக் குறைந்த எடையில் காரை நிறுத்திய அணிக்கு, 640 கிலோவில் முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்க எஞ்சியது ஏழே கிலோ! கோடிக்கணக்கில் செலவிட்டு உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் உருவாக்கிய வண்டியில், ஒரு சிறு அரிசிப் பைக்கு நிகரான எடை எங்கே இருக்கிறது என்பதற்கு அத்துணை மதிப்பு. நாமோ ஐம்பது கிலோ மூட்டையைக் கூரைமேல் எறிந்துவிட்டு, “போகலாம், ரைட்” என்கிறோம்.

இன்னொரு விதியும் எண்ணத்தக்கது. ஓட்டுநரின் எடை குறைந்தால் அணிக்கு ஆதாயம் என்றிருந்தபோது, உயரமான ஓட்டுநர்கள் உணவைக் குறைத்து உடலை வருத்திக்கொண்டனர். 2019-இல் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோவுக்குக் குறையலாகாது என்றும், குறைந்தால் அக்குறையை ஈடுசெய்யும் எடைக்கட்டியை இருக்கையின் அருகிலேயே வைக்க வேண்டும் என்றும் விதித்தனர். வேறிடத்தில் வைத்து ஆதாயம் தேட இடமில்லை. பாரத்தை வைக்கும் இடம் நேர்மை பற்றிய செய்தியாகவும் ஆகிவிட்டதை இங்கே காண்கிறோம்.

மலைச்சாலையில்

பந்தயக் களத்திலிருந்து நம் மலைச்சாலைக்குத் திரும்புவோம். காட் ரோட்டில் பிரிந்து, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி எனத் தொடர்ந்து 2100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திற்கு ஏறும் இச்சாலையில், மேலே சொன்ன ஒவ்வொரு கணக்கும் கடுமையாகிறது. ஏறும்போது எடை பின்னுக்குச் சாய்கிறது. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் இழுப்பவை முன் சக்கரங்களே. டிக்கியில் கனத்த பெட்டிகளும் பின் இருக்கையில் நான்கு பேரும் இருந்தால், இழுக்க வேண்டிய முன் சக்கரங்கள் இலேசாகி, மழை ஈரத்தில் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. இறங்கும்போது எடை முன்னுக்குச் சாய்கிறது. வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரங்கள் பிடி இழக்கின்றன. டிக்கியில் உள்ள கனமோ வாலை வெளியே தள்ளுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை என்று மலை ஓட்டுநர்கள் வலியுறுத்துவதற்கு, பிரேக் சூடேறாமல் காப்பது ஒரு காரணம். எடை திடீரென்று இடம்பெயராமல் காப்பது மற்றொன்று.

கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் ஏற்றி இறங்கும் லாரிகளைப் பாருங்கள். தேர்ந்த சுமையாளர் கனத்த மூட்டைகளைக் கீழேயும், இலேசானவற்றை மேலேயும் அடுக்குவார். இடைவெளி விடாமல் நெருக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். கட்டப்படாத மூட்டை வளைவில் நகரும். நகரும் பாரம் நிற்கும் பாரத்தைவிடக் கொடியது. பாதி நிரம்பிய தண்ணீர் லாரி, முழுதும் நிரம்பியதைவிட வளைவில் அலைவதும் இதனால்தான். பேருந்தில் நின்று செல்வோரும் அத்தண்ணீரைப் போன்றவரே. தலையாற்று அருவியைக் காண எல்லோரும் ஒரே பக்கச் சன்னலுக்குத் தாவினால், பாரம் தானே எழுந்து இடம் மாறியதற்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உறவினரும் நண்பருமாக ஒரு வேனில் கொடைக்கானல் புறப்பட்டோம். மேலே சென்று சமைத்து உண்பதாக ஏற்பாடு. அரிசி மூட்டை, விறகுக் கட்டு, எண்ணெய் டின், இவற்றோடு பெரிய தேக்சா ஒன்றையும் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டோம். ஓட்டுநர் இளைஞர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“சார், இவ்வளவும் மேலே இருந்தால் மலையில் வண்டி ஆடும். மூட்டையையும் டின்னையும் கீழே இறக்கினால்தான் எடுப்பேன்” என்றார்.

எங்களுக்குச் சினம் வந்தது. வெயில் ஏறுகிறதே என்றோம். காசு கொடுத்து வந்தவர்கள் மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு போவதா என்றோம். நேற்று வண்டி பிடித்த பையன் நமக்குப் பாடம் சொல்கிறானே என்று நானும் முணுமுணுத்தேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. தாமே மேலேறி, அரிசி மூட்டையை இறக்கி இருக்கைகளுக்கு நடுவே, இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தளத்தில் கிடத்தினார். எண்ணெய் டின்களை அதன் பக்கத்தில் நெருக்கி வைத்தார். வெறும் தேக்சாவையும் சிறிது விறகையும் மட்டும் கூரையில் விட்டு இறுக்கிக் கட்டினார். அரை மணி நேரம் கழிந்தது. பிறகு மலையேறினோம்; உண்டோம்; மாலையில் மழையோடு இறங்கி வீடு சேர்ந்தோம். வழியில் ஒன்றும் நேரவில்லை.

ஒன்றும் நேராததால் அவருக்கு நன்றி சொல்ல எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரை மணி நேரம் வீணாயிற்று என்ற குறை மட்டும் எங்களிடம் எஞ்சியது. விடுதி மாணவர் திரையில் கனத்தை நகர்த்திக் காட்டிய அன்றுதான் அவ்வோட்டுநர் என்ன செய்தார் என்பதை முழுமையாக உணர்ந்தேன். பட்டம் பெற்றவனாகிய நான் அறியாததை அவர் அறிந்திருந்தார். அறிந்ததோடு நில்லாமல், வயதில் மூத்த பலர் கடிந்தபோதும் அதில் உறுதியாக நின்றார். அன்று வண்டியில் ஏழு குழந்தைகள் இருந்தனர்.

விளையாட்டு தராதது

இதனால் பந்தய விளையாட்டு நன்றென்று நான் தீர்ப்பளித்துவிட்டதாக எவரும் கொள்ளற்க. பெற்றோரும் பெரியவர்களும் அதன்பால் கொண்டுள்ள அச்சம் வெறும் அச்சமன்று. இரவெல்லாம் கண்விழித்து மறுநாள் வகுப்பில் உறங்குவோரை நான் அறிவேன். திரையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பழகிய கை, சாலையில் 40-ஐ ஊர்வதாக எண்ணும் இடர்ப்பாடும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் வண்டி கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். டம்டம் பாறை வளைவில் அத்தகைய பொத்தான் ஏதுமில்லை. அவ்விளையாட்டில் பின் இருக்கையில் தாயும் தங்கையும் அமர்ந்திருப்பதுமில்லை.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் நூலில் படித்து மறந்த புவியீர்ப்பு மையத்தை அம்மாணவர் விரல் நுனியில் உணர்ந்திருந்தார். பத்துக் கிலோவை நகர்த்தினால் வண்டி எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொன்னார். இவ்வறிவைப் பழித்து அடைத்துவிடுவதைவிட, அதைச் சாலைக்கு அழைத்து வருவதே அறிவுடைமை. அதே மாணவர் மறுநாள் மோட்டார் சைக்கிளில் இரு நண்பர்களை ஏற்றிச் சென்றதைக் கண்டேன். மூன்றாமவர் பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னே தொங்கலாக அமர்ந்திருந்தார். முன் சக்கரம் இலேசாகித் திசைப்பிடி தளர்ந்து, கைப்பிடி தள்ளாடியது. திரையில் பின்பாரத்தைக் கண்டுபிடித்தவர் தம் வண்டியில் அதனைக் காணவில்லை! அறிவு விளையாட்டிலேயே நின்றுவிட்டது. குறை விளையாட்டில் மட்டுமில்லை. அவ்வறிவுக்கும் சாலைக்கும் இடையே பாலம் அமைக்காத ஆசிரியராகிய எம்மிடமும் உண்டு.

செய்யத்தக்கன

சட்டம் இருக்கிறதே என்பர் சிலர். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. பாரம் பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ வரம்பு மீறி நீண்டாலும் தண்டம் உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையும் உயர்நீதிமன்ற ஆணையால் நடைமுறைக்கு வந்தது. இவை நல்லனவே. ஆனால் வரம்புக்கு உட்பட்ட பாரத்தைத் தவறான இடத்தில் வைப்பதைச் சட்டம் எங்ஙனம் தடுக்கும்? எடைமேடை மொத்தத்தைச் சொல்லும். இ-பாஸ் வண்டிகளின் தொகையைச் சொல்லும். மூட்டை டிக்கியில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதை ஏற்றுகிறவன் அறிவே பார்த்தாக வேண்டும்.

ஆதலின் நம் கல்லூரி அளவில் மூன்று செயல்களை முன்மொழிகிறேன்.

முதலாவது, சொல் தொகுத்தல். முன்பாரம், பின்பாரம் என்பன போன்ற சொற்கள் வண்டியோட்டிகளோடும் சுமையாளரோடும் மலை ஓட்டுநரோடும் மறைந்து வருகின்றன. தமிழ்த்துறை மாணவர் வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் அவர்களிடம் அமர்ந்து கேட்டு இச்சொற்களைப் பொருளோடு தொகுக்க வேண்டும். ஒரு சொல் மறைந்தால் அதனுள் பொதிந்த அறிவும் மறைகிறது. பின்பாரம் என்ற சொல் அன்று என் நாவில் இருந்திருந்தால், வேன் ஓட்டுநரைக் கடிந்திருக்கமாட்டேன்.

இரண்டாவது, கணக்கிடுதல். விளையாட்டில் ஈடுபாடுள்ள மாணவரும் இயற்பியல் மாணவரும் சேர்ந்து, நாம் சுற்றுலாவுக்கு அமர்த்தும் வண்டிக்கு மேற்சொன்னது போன்ற எளிய கணக்கைத் தமிழில் எழுதிக் காட்சிக்கு வைக்கலாம். திரையில் செலவிடும் பொழுதில் ஒரு பகுதி இவ்வாறு ஊருக்குப் பயன்படட்டும்.

மூன்றாவது, ஓட்டுநரின் சொல்லுக்கு மதிப்பளித்தல். கல்லூரிச் சுற்றுலாவாயினும், நம் குடும்பங்களின் திருமணப் பயணமாயினும், சாமான் ஏற்றும் செயலில் ஓட்டுநரின் சொல்லே முடிவான சொல் என்று நாம் ஒருமனதாக ஏற்க வேண்டும். அவர் இறக்கச் சொன்னால் இறக்க வேண்டும். இடம் மாறி உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். பெரியவர்கள் இதில் முன்மாதிரியாக நிற்பின் இளைஞர் பின்பற்றுவர். வாடகை கொடுப்பவர் நாம் என்ற செருக்கு மலைச்சாலைக்கு ஏற்ற செருக்கன்று.

மாணவச் செல்வங்களே! நும் கையில் உள்ள விளையாட்டு நும் பாட்டனாரின் வண்டியில் தொடங்கியது. அவர் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்து அறிந்ததை நீவிர் திரையில் எண்ணாகக் காண்கிறீர். அவர் அதனைக் கற்றது வெல்வதற்கன்று. இரண்டு மாடுகளின் கழுத்து நோகாதிருப்பதற்கு. நீவிரும் அவ்வறிவைப் பிறர் நலம் கருதிக் கையாளுங்கள். அடுத்த முறை மலைக்குப் புறப்படும்போது, எவ்வளவு ஏற்றினோம் என்று கேட்ட பின்பு எங்கே ஏற்றினோம் என்றும் ஒருமுறை கேளுங்கள். அரை மணி நேரம் தாழ்ந்தாலும் தாழட்டும். ஒன்றும் நேராமல் வீடு திரும்பிய பின், வண்டி ஓட்டியவருக்கு நன்றி சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய நன்றி அது.